மார்கழியில் ஊற்றிய வெந்நீர்

கடப்பைக் கல் தரையில் உரசி நகரும் சத்தம்தான் அந்த ஓட்டலில் எனக்குக் கடிகாரம். உத்திரமேரூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்த சைவ ஓட்டல் அது. அங்கே பதினான்கு வருடம் சரக்கு மாஸ்டராக இருந்தேன். சாம்பார், பொங்கல், பூரி மசாலா, இனிப்பு, காரம் எல்லாம் என் பொறுப்பு. தோசைக் கல்லுக்கு மட்டும் வேறொரு மாஸ்டர். விடியற்காலை நாலரை மணிக்குக் கொல்லையில் அந்தக் கல் நகரும், நான் எழுந்து உட்காருவேன். கல் நகர்ந்த பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இருக்காது. அப்புறம் தகரம் ஒன்று தண்ணீரின் மேல் மெதுவாக உரசிப் போவது கேட்கும். அது கேட்டு நின்ற பிறகுதான் முதல் அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்பது அங்கே சட்டம். முதலாளி போட்ட சட்டம் இல்லை. அந்தக் கல்லை நகர்த்திய அம்மாள் போட்டது.

அவரை ஓட்டலில் எல்லோரும் தொட்டிக்காரம்மா என்று கூப்பிட்டோம். பெயர் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. ஊருக்குக் கிழக்கே இருந்த காலனியிலிருந்து இருட்டோடு நடந்து வருவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு அப்போது இருபத்தாறு. ஆனாலும் அவரை நான் 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'மாஸ்டரே, வாங்கோ, போங்கோ' என்றார். அறுபதுகளின் நடுவில் அது யாருக்கும் வினோதமாகப் படவில்லை. இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இந்த மரியாதை அறுபது வருடம் தாமதமாக வருகிறது என்பது எனக்கே தெரிகிறது.

தொட்டி என்றால் என்ன தொட்டி என்று சொல்ல வேண்டும். பாத்திரம் விளக்குகிற தண்ணீர், கை கழுவுகிற தண்ணீர், வாணலி கழுவிய தண்ணீர் எல்லாம் முன்பு நேராகக் கொல்லை வழியாகப் போய், பின்னால் இருந்த கழனி வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்கால் ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குக் கொண்டுபோகிற வாய்க்கால். முதல் கழனி ஒரு பெரியவருடையது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது என்று அவர் பஞ்சாயத்தில் சொல்ல, முதலாளி ஒரு கொத்தனாரை வைத்துச் செங்கல்லில் தொட்டி கட்டினார். ஆளின் இடுப்பு ஆழம். நடுவில் ஒரு கடப்பைக் கல்லைக் குறுக்கே நிறுத்தி, அடியில் மட்டும் நாலு விரல் சந்து விட்டிருந்தார்கள். தண்ணீர் அடிச் சந்து வழியாக இரண்டாவது அறைக்குப் போகும். எண்ணெய் மேலே மிதந்து முதல் அறையிலேயே தங்கிவிடும். இரண்டாவது அறையிலிருந்து ஒரு மண் குழாய் வாய்க்காலுக்குப் போயிற்று. மேலே மூடிக்கு இரண்டு கடப்பைக் கல்.

நாங்கள் கடலை எண்ணெயிலிருந்து வனஸ்பதிக்கு மாறியிருந்த காலம் அது. கடலை எண்ணெய் மிதந்துகொண்டே இருக்கும், வனஸ்பதி குளிர்ந்தால் இறுகிவிடும். தொட்டிக்காரம்மாவின் வேலை முறையே இந்த இறுக்கத்தை நம்பித்தான் இருந்தது. இரவெல்லாம் ஆறிக் கிடந்து, விடியற்காலையில் தொட்டியின் மேலே வெள்ளையும் பழுப்புமாக ஓர் ஏடு கட்டியிருக்கும். மூடியை நகர்த்திவிட்டு உடனே குனிய மாட்டார். உள்ளே அடைந்த கெட்ட காற்று போகட்டும் என்று தள்ளி நின்று வெற்றிலை போடுவார். பிறகு, தகரத்தைத் தட்டிச் செய்த ஓர் அகலக் கரண்டியால் அந்த ஏட்டை ஓரத்திலிருந்து உடையாமல் வழித்து எடுத்துச் சாம்பலும் உமியும் போட்டுப் பிசைந்து வைப்பார். செங்கல் சூளைக்காரர்கள் எரிப்பதற்கு எடுத்துப்போவார்கள். அவர் வழித்து முடிப்பதற்குள் அடுப்பு எரிந்து, சூடான தண்ணீர் உள்ளே வந்தால் ஏடு இளகிப்போகும். அதனால்தான் அந்தச் சட்டம். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் எரிச்சல் உண்டு. கரண்டி பிடிக்கிற என்னை ஒரு தொட்டி அள்ளுகிறவர் காக்க வைப்பதா என்கிற எரிச்சல், வேறொன்றும் இல்லை.

அந்த மார்கழியில் ஒரு நாள், வேலை முடித்துக் கை கழுவிவிட்டு அவர் சமையல்கட்டின் பின்வாசல் பக்கம் வந்து நின்றார். வாசலுக்கு வெளியேதான் நிற்பார். அதைத் தாண்டி அவர் வந்ததும் இல்லை, நாங்கள் வரச் சொன்னதும் இல்லை. திருப்புலிவனத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம், மூன்று நாள் வர முடியாது என்றார். அள்ள ஆள் இல்லாவிட்டால் பாத்திரத் தண்ணீரைக் குறைவாக விடச் சொல்லச் சொன்னார். பிறகு, "சுடுதண்ணி மட்டும் ஊத்திடாதீங்கோ மாஸ்டரே" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன், ஊத்துனா உன் தொட்டிக்கு ஜுரம் வந்துடுமா?" என்று கேட்டேன். தோசை மாஸ்டர் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"தொட்டிக்கு ஒண்ணும் ஆவாதுங்க. கழனிக்குத்தான் ஆவும்" என்றார்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாலை தண்ணீர் மெதுவாக இறங்கியது. மூன்றாம் நாள் காலை நான் எழுந்து போனபோது கொல்லையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புக் கட்டிகளும் மிதந்துகொண்டு சமையல்கட்டின் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தன. அன்றைக்கு என்று பார்த்து, ஓட்டல் லைசென்சைப் புதுப்பிக்கச் சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். இந்தக் கோலத்தில் அவர் கொல்லையை எட்டிப் பார்த்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். முதலாளி ஒன்பது மணிக்கு வருவார், இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு. என்ன செய்தாலும் அதற்குள் செய்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒருவன் மூடியை நகர்த்தி, அந்தத் தகரக் கரண்டியை எடுத்து, முழங்கை வரை நனைத்து, ஏட்டை அள்ளிப் போட வேண்டும். அரை மணி நேர வேலை. சமையல்கட்டில் ஏழு பேர் இருந்தோம். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. பாத்திரம் விளக்குகிறவனிடம் சொன்னேன். அந்த வேலைக்கு நான் வரவில்லை, கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள் என்றான். தோசை மாஸ்டர், ஊருக்குப் போனால் தன்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள் என்றான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பேன். நான் மாகறல்காரன், கழனி வைத்திருக்கிற குடும்பம். சாணியை அள்ளுவேன், சேற்றில் இறங்குவேன், அதெல்லாம் எனக்குக் கௌரவக் குறைவு இல்லை. அந்தத் தொட்டியை அள்ளுவது மட்டும் எனக்கு அப்படி இல்லை. ஏன் என்று அன்று யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் வெந்நீர் அண்டா கண்ணில் பட்டது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வனஸ்பதி இறுகினால் என்ன, சூடு பட்டால் இளகும், தினம் வாணலியில் பார்க்கிறேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை; நன்றாக ஞாபகம் இருந்தது. பாத்திரத்துக்குப் போடுகிற சலவைச் சோடா ஒரு டப்பா நிறைய இருந்தது, அதை அப்படியே அண்டாவில் கொட்டினேன். நானும் தோசை மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குத் தண்ணீர் இறங்கும் வாயில் ஊற்றினோம். இன்னொரு அண்டா கொதிக்க வைத்தோம். மொத்தம் நாலு அண்டா. நாலாவது அண்டா இறங்கும்போது தொட்டிக்குள் 'களக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொல்லையில் நின்ற தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. ஏழு பேரும் கை தட்டாத குறை.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். கொல்லையைப் பார்த்தார், கழுவி விட்ட தரையைப் பார்த்தார், தொட்டியைச் சுட்டிக்காட்டி நல்ல ஏற்பாடு என்றார். பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி என் தோளில் தட்டிக் கொடுத்தார். அவர் யாரையும் லேசில் தொட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்று முழுவதும் நான் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் காலை நாலரைக்குக் கல் நகர்ந்தது. தொட்டிக்காரம்மா வந்துவிட்டார். வழக்கமாகக் கேட்கிற தகரச் சத்தம் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். லாந்தரைத் தொட்டியின் மேல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முதல் அறையில் ஏடே இல்லை, தெளிந்த தண்ணீர். மூன்று நாள் அள்ளாத தொட்டியில் ஏடு இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா. நான் அவர் கேட்பார் என்று நின்றேன். பேரப்பிள்ளை என்ன பிள்ளை என்று நான் கேட்டிருக்கலாம். அவர் கல்லை இழுத்து மூடினார், நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன்.

விடிந்து வெயில் ஏறும் முன்பே கழனிக்காரர் கொல்லை வழியாகவே வந்துவிட்டார். அந்தப் பெரியவருக்கு எப்போதும் குரல் ஓங்காது. அன்றும் ஓங்கவில்லை. நாற்றங்காலை வந்து பார்க்கச் சொன்னார். முதலாளிக்கு ஆள் அனுப்பிவிட்டு நான் அவர் பின்னால் போனேன்.

நவரைப் பட்டத்து நெல்லுக்கு விட்ட நாற்று. பத்து நாள் பயிர், விரல் உயரம். நான் பார்த்தபோது நாற்றங்காலின் தலைமாட்டில் பாதிக்கு மேல் தண்ணீரின் மேல் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து கிடந்தது. உருகி அடிச் சந்து வழியாக இரண்டாவது அறைக்குப் போய், குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போய், மார்கழிக் குளிரில் நாற்றின் தாள்களைச் சுற்றி இறுகியிருந்தது. நுனிகள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தேன்; வேர் வழவழவென்று கையோடு வந்தது. கழனிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு நாற்றங்கால் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். அது போனால் அந்தப் பட்டமே போயிற்று.

திரும்பி வந்தபோது முதலாளி கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தோசை மாஸ்டர் வாசற்படியில் நின்றான். தொட்டிக்காரம்மாவை நடுவில் நிற்க வைத்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அந்தக் கழனிக்காரரிடம்தான் வருட ஆள். நடவிலிருந்து அறுப்பு வரைக்கும் அங்கே கிடைக்கிற நெல்தான் அந்த வீட்டுக்கு வருடம் முழுவதும் சோறு. இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"தொட்டிய அள்ளாம வுட்டுட்டு மூணு நாளு ஊருக்குப் போய்க்கினா இப்டிதான் ஆவும்" என்றார் கழனிக்காரர், முதலாளியைப் பார்த்து. முதலாளி தொட்டிக்காரம்மாவைப் பார்த்து, ஏம்மா, சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்றார். சொல்லிவிட்டுத்தான் போனார். என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டிக்காரம்மா இரண்டாவது அறையின் மூடியை நகர்த்தினார். கையை விட்டுக் கடப்பைக் கல்லின் பின்புறத்தைத் தடவி எடுத்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இது ரொம்பி வயிஞ்சது இல்லீங்க. உருகிப் போனது. சுடுதண்ணி ஊத்திக்கிறாங்க. சோடாவும் போட்டுக்கிறாங்க" என்றார்.

யார் ஊற்றுவார்கள், எங்கள் ஆட்கள் அந்தப் பக்கமே போவதில்லையே என்றார் முதலாளி.

"ஊத்துனவங்களுக்குத் தெரியுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என்னை ஏன் பார்க்கிறாய் என்று கோபப்பட்டிருப்பேன், கோபத்தில் விஷயம் வெளியே வந்தாலும் வந்திருக்கும். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் ஊற்றினேன். இரண்டே சொல். உள்ளே அடுப்பில் சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டது. அடி பிடிக்குமே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நினைப்பு. தோசை மாஸ்டர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கழனிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "உன் வூட்டுக்காரனை இனிமே கழனிப் பக்கம் வரவாணாம்னு சொல்லிடு. நடவுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அந்த மனிதர் நின்றிருந்தார். அவரிடம் நேராகச் சொல்லாமல் இவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாலு நாட்களைப் போல நான் என் வாழ்க்கையில் பயந்து கிடந்ததில்லை. அவர் வேலையை விட்டு நின்றிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். தினமும் நாலரைக்குக் கல் நகர்ந்தது. தினமும் தகரம் உரசியது. முடிந்ததும் பின்வாசலில் வந்து, "அடுப்பு பத்த வெக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த மூன்று வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நான் இருட்டில் தீப்பெட்டியோடு நிற்பேன். இன்று சொல்லிவிடுவார், இன்று முதலாளி வரும் வரை இருந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பொங்கலில் உப்பு இரண்டு தரம் போட்டேன். சாப்பிட வந்தவர்கள் மாஸ்டருக்குக் கல்யாண ஞாபகமா என்று கேலி பேசினார்கள். காலனியில் அவர் வீட்டில் பகலில் அடுப்பு எரிவதில்லை என்று பாத்திரம் விளக்குகிறவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவனைக் காரணமே இல்லாமல் திட்டினேன்.

ஐந்தாம் நாள் மாகறலுக்குப் போனேன். கழனியை விட்டுவிட்டு ஓட்டலுக்குக் கரண்டி பிடிக்கப் போனவன் என்று அண்ணன் என்னோடு பேச்சை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் காலில் விழாத குறையாக நாற்று கேட்டேன். அண்ணன் எப்போதும் தேவைக்கு மேல் நாற்று விடுகிறவர். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், மாட்டைப் பூட்டினார். இரண்டு வண்டி நாற்று கழனிக்காரர் களத்தில் போய் இறங்கியது. ஓட்டல் முதலாளி சொல்லி மாஸ்டர் ஏற்பாடு பண்ணினார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் அதை மறுக்கவில்லை. பட்டம் தப்பியது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கழனிக்காரர் நாற்றை வாங்கிக்கொண்டார். நடவுக்கு வேறு ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை தொட்டிக்காரம்மா தகரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வழக்கம்போல் வாசலுக்கு வந்தார். அடுப்பு பற்ற வைக்கலாம் என்று சொல்லவில்லை.

"நாத்த குடுத்துட்டீங்கோ மாஸ்டரே. வார்த்தைய குடுக்கலியே" என்றார்.

தப்புதான், என்னை மன்னித்துக்கொள் என்று ஏதோ குழறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த ஒரு தரம்தான் அவர் என்னை அப்படிக் கையைக் காட்டி நிறுத்தியது.

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்கோ? எனக்குத் தெரிஞ்ச சேதிதானே அது. யார் எதுர்ல என்னை நிக்க வெச்சாங்களோ அவங்க எதுர்ல சொல்லுங்கோ. என் விசயம் போனாப்போவுது, எம் புருசன் கழனிக்குப் போவணும்."

அதற்கு மறுநாள் சந்தை; சந்தை நாளன்று கழனிக்காரர் ஓட்டலில் நாஷ்டா பண்ணுவது வழக்கம். அன்று அவர் கை கழுவக் கொல்லைக்கு வந்தபோது நான் முதலாளியையும் கூப்பிட்டேன். தோசை மாஸ்டர் தானாகவே வந்து நின்றான். தொட்டிக்காரம்மாவைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன்; அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். வேலை போய்விடும் என்பது எனக்கு நிச்சயம். போகட்டும் என்று முந்தின இரவே டிரங்குப் பெட்டியில் துணியை எடுத்து வைத்துவிட்டேன்.

"சுடுதண்ணி ஊத்துனது நான்தாங்க. சோடா போட்டதும் நான்தான். ஊத்தாதேன்னு அந்தம்மா சொல்லிட்டுத்தான் போச்சு" என்றேன். சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. ஏனென்றால் எதிரில் நின்ற யார் முகத்திலும் ஒரு மாறுதலும் இல்லை.

கழனிக்காரர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "தெரியும்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். நான் வெந்நீர் ஊற்றிய அன்று காலை மடை பார்க்கப் போன ஆள், குழாய் வாயில் ஆவி வந்துகொண்டிருக்கிறது என்று வந்து சொன்னானாம். அந்த ஆள் வேறு யாருமில்லை, தொட்டிக்காரம்மாவின் வீட்டுக்காரர். உன் வேலையைப் பார் என்று இவர் அவரை அடக்கிவிட்டார். எங்கள் ஓட்டலுக்குப் பால் கழனிக்காரர் வீட்டிலிருந்துதான் வந்தது. "உன்னைச் சொன்னா உன் மொதலாளியச் சொன்னா மாதிரி. தெனம் மூஞ்சில முழிக்கணும், பஞ்சாயத்துல ஒண்ணா ஒக்காரணும். நாத்து போனதுக்கு யாரையாவது சொல்லணுமில்ல" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை.

நான் முதலாளியைப் பார்த்தேன். "சோடா டப்பா ஒரே நாள்ல காலியானா எனக்குத் தெரியாதா" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, சரி, போய் வேலையைப் பார், ஆனது ஆகிவிட்டது என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திட்டக்கூட இல்லை. அந்த நேரத்தில் அவர் என்னை அறைந்திருந்தால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

கழனிக்காரர் தொட்டிக்காரம்மா பக்கம் திரும்பி, நாளைக்கு நடவு, உன் வீட்டுக்காரனை வரச் சொல் என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்பது போலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகரப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிதான் கீது" என்றார் தொட்டிக்காரம்மா. "அப்பறம் என்னை எதுக்குங்க நிக்க வெச்சீங்கோ?"

சத்தமாகக் கேட்கவில்லை. கோபமாகவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரி இருந்தது. கேட்டுவிட்டு எங்கள் நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதில் வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். கழனிக்காரர் வாய்க்கால் பக்கம் பார்த்தார். முதலாளி கல்லாவில் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். தோசை மாஸ்டர் அவர் பின்னால் போனான். எனக்குப் பதில் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலி ஓரமாக வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் அவருடைய வீட்டுக்காரர் நடவுக்குப் போனார். தொட்டிக்காரம்மா நாலரைக்கு வந்தார். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் வந்தார். எத்தனையோ காலை நான் போய், நகரு, இன்றைக்கு நான் அள்ளுகிறேன் என்று தகரத்தை வாங்கியிருக்கிறேன். சில நாள் கொடுப்பார், சில நாள் கொடுக்க மாட்டார். தொட்டிக்கு வெளியே வேறு பேச்சு எங்களுக்குள் இருந்ததில்லை. அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவும் இல்லை.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பேரன் காஞ்சிபுரத்தில் ஓட்டல் வைத்திருக்கிறான். பாத்திரம் கழுவும் மேடைக்கு அடியில் எவர்சில்வரில் ஒரு பெட்டி, அதைச் சுத்தம் செய்ய ஒரு கம்பெனி ஆள் கையுறை போட்டுக்கொண்டு மோட்டாரோடு வருகிறான். சுடுதண்ணீர் ஊற்றாதே என்று பேரனிடம் போன வாரம் சொன்னேன். ஏன் தாத்தா என்றான். உருகிப் போய் வேறெங்காவது இறுகிவிடும் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று அந்தக் கொல்லையில் நாலு பேர் நின்றோம். மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேட்டவரும் போய்விட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான் மிச்சம். பதில் தெரியாது என்று அன்று நான் நினைத்தது பொய். நன்றாகத் தெரியும். உங்களை நிற்க வைத்தால் நிற்பீர்கள் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும், அக்கா. அதனால்தான் நிற்க வைத்தோம்.